பதினெட்டு மூச்சு

ஆறாம் படுக்கையில் யாரும் இல்லை. ஆனாலும் கணினித் திரையில் அதற்கு நேரே, மூச்சு என்ற கட்டத்தில், பதினெட்டு என்று இருந்தது.

ஜெயராணி கையெழுத்துப் போட்டு, பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, கணினியைத் தட்டி எழுப்பியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். மதியம் இரண்டு மணிக்கான பதிவு. நாடித்துடிப்பு இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, நோயாளியின் பெயர்கூட இல்லை. காலைப் பணி பார்த்த ஜெயசித்ரா ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் வரிசை மாற்றி அடித்திருப்பாள் என்று நினைத்து அதை அழித்தாள். கட்டம் வெள்ளையானது.

அன்றைக்கு மாட்டுப் பொங்கல். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடாத நாள் வருடத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். அந்த இரைச்சல் நின்றுபோனதும், ஆஸ்பத்திரிக்குள் அதுவரை ஒளிந்திருந்த சின்னச் சின்ன ஒலிகள் எல்லாம் மெல்ல வெளியே வந்தன. குழாய்க்குள் தண்ணீர் நகர்வது, சுவர்க் கடிகாரத்தின் முள், மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜ் திடீரென்று உறுமிவிட்டு அடங்குவது. ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேல மரங்கள் சிமெண்ட் தூசியில் வெளுத்து, யாரோ பாதி வரைந்துவிட்டு மறந்துபோன படம் மாதிரி அசையாமல் நின்றன. அறை முழுக்க பினாயில் வாசனை. அதற்கு அடியில், கழுவினாலும் போகாத, பழைய மெத்தையின் புளித்த வாசனை.

"கிறிஸ்துமஸுக்கு நீங்க லீவு எடுத்தீங்கள்லக்கா, பொங்கலுக்கு நாங்க போறோம்" என்று ஜெயசித்ரா போன வாரமே சொல்லிவிட்டாள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். தன் ஊரான வரதராஜன்பேட்டையிலும் மாதா கோவில் வாசலில் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கல் வைப்பார்கள் என்று ஜெயராணி யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போன பிறகு அங்கே அவளுடைய வீடு பூட்டித்தான் கிடந்தது. போனால் பூட்டைத்தான் பார்க்க வேண்டும்.

அவள் வேலை பார்த்தது அவசரப் பிரிவுக்குப் பின்னால் இருந்த கண்காணிப்பு அறையில். வீட்டுக்கு அனுப்பவும் பயம், வார்டில் சேர்க்கவும் அவசியமில்லை என்று இருப்பவர்களை ஒரு நாள் வைத்துப் பார்க்கும் இடம். ஆறு படுக்கைகள். மணிக்கு ஒரு தரம் நாடி, அழுத்தம், காய்ச்சல், மூச்சு எல்லாம் அளந்து கணினியில் போட்டால், அடுத்த ஆறு மணி நேரத்தில் யார் நிலைமை மோசமாகும் என்று அது கணக்குப் போட்டு ஒரு நிறத்தைக் காட்டும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். சிவப்பு என்றால் ஓட வேண்டும். போன வருடம் அதை வாங்கியபோது முதலாளி கேக் வெட்டினார்.

அன்று இரண்டே பேர். நாலாம் படுக்கையில் முத்துசாமி, பொங்கலன்று எதையோ தின்று, வாந்தி நிற்காமல் நேற்று இரவே வந்து சேர்ந்தவர். இரண்டாம் படுக்கையில் தனம்.

தனத்துக்கு முப்பது வயதுதான் இருக்கும். தா.பழூர்ப் பக்கம். அறுத்த நெல்லுக்குக் காவலாகக் களத்தில் படுத்திருந்தபோது, விடியும் முன்னால், காலில் என்னவோ சுருக்கென்றிருக்கிறது. தார்ப்பாயை உதறினால் கட்டுவிரியன். கடித்ததா, உரசிவிட்டுப் போனதா என்று சொல்ல முடியவில்லை. பல் பட்ட தடமே தெரியவில்லை.

"வெஷம் ஏறலைன்னா நாளைக்குக் காலைல அனுப்பிடலாம்" என்று அவசரப் பிரிவு டாக்டர் அறிவரசன் ஜெயராணியிடம் சொல்லியிருந்தார். "ஏறிச்சுன்னா முதல்ல கண் இமை தொங்கும். அப்புறம் மூச்சு. ஆளுக்கு எல்லாம் தெரியும், சொல்ல முடியாது, இழுக்க முடியாது. அதனால மூச்சை நல்லா எண்ணுங்க சிஸ்டர். நான் இங்க ஒரே ஆளு. மஞ்சள் காட்டுனா வந்துடுறேன்."

எண்ணுகிறேன் என்று அவள் தலையாட்டினாள்.

மூன்று மணிக்கு மறுபடி திரையைப் பார்த்தபோது ஆறாம் படுக்கைக்கு நேரே பதினெட்டு இருந்தது. நேரம் மூன்று. பதிந்தவர் என்ற இடத்தில் அவளுடைய ஊழியர் எண்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் குருமூர்த்திக்குப் போன் போட்டாள். சிறுவாச்சூரில் வீட்டில் இருந்தான். பின்னால் ஒலிபெருக்கியும் பிள்ளைகள் சத்தமும்.

"காலிப் படுக்கைக்கு மூச்சு வருதா? ஆவிக்கும் ஸ்கோர் போடுதுன்னா நல்ல சாஃப்ட்வேருதான் சிஸ்டர், கொறை சொல்லாதீங்க."

"வெளையாடாதீங்க தம்பி. என் நம்பர்ல விழுது."

"இருங்க, போன்லயே பாக்குறேன்." கொஞ்ச நேரம் ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. "கோளாறு மாதிரி தெரியலியே. யாரோ உங்க மேசையில ஒக்காந்து அடிச்சாப்லதான் இருக்கு. ஒண்ணு, எட்டு, என்டர். நீங்களே தூக்கத்துல அடிச்சிட்டீங்களோ என்னமோ. நாளன்னிக்கு வந்து பாக்குறேன், மாட்டைக் குளுப்பாட்டிட்டு இருக்கோம்."

போனை வைத்த பிறகு அந்த அறை முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

பதினெட்டு. அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். அந்த வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். நாடியையும் அழுத்தத்தையும் கருவி சொல்லிவிடும். மூச்சைச் சொல்லக் கருவி கிடையாது. ஒரு நிமிடம் முழுக்கப் பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கள்ளத்தனமாக எண்ண வேண்டும். யாருக்கு நேரம்? பதினெட்டு என்று போட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்த எல்லோரும், கிழவர்களும் பிள்ளைகளும் நெஞ்சு வலிக்காரர்களும், வருடக்கணக்காக நிமிடத்துக்குப் பதினெட்டு தடவைதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் ஆறாம் படுக்கையில் சாமிக்கண்ணு இருந்தார். கல் குவாரியில் காவல் வேலை. நெஞ்சு லேசாக அடைக்கிறது என்று தனியாகப் பஸ் ஏறி வந்தவர். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. கூட யாரும் இல்லை. "சும்மா இருந்தா இப்புடி வந்து கொஞ்ச நேரம் ஒக்காரு பாப்பா" என்று மதியம் கேட்டார். "பேசக்கூட வேணாம். சும்மா ஒக்காரு." வரேன் பெரியவரே என்றாள். அன்றைக்குப் பார்த்துத்தான் சபரிமலை வேன் ஒன்று கவிழ்ந்து, அவசரப் பிரிவில் தரை தெரியாத கூட்டம். அவளையும் அங்கே இழுத்துக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு ஓடி வந்து, நாற்காலியில்கூட உட்காராமல், நாலு மணி எண்களையே அடித்துவிட்டு ஓடினாள். ஆறு மணிக்கும். ஏழு மணிக்கும். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. திரை பச்சையாகவே இருந்தது. எட்டு மணிக்கு அடுத்த பணிக்கு வந்தவள் தொட்டுப் பார்த்தபோது உடம்பு குளிர்ந்து, தாடை இறுகிவிட்டிருந்தது. நாலரை, ஐந்துக்கே போயிருப்பார் என்றார் டாக்டர். பதிவைப் பார்த்துவிட்டு, ஏழு மணிக்கு நன்றாகத்தானே இருந்திருக்கிறார், குளிர் காலம், உடம்பு சீக்கிரம் ஆறியிருக்கும் என்று அவரே மாற்றிச் சொன்னார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. உடலை வாங்க இரண்டு நாள் யாரும் வரவில்லை.

செத்த பிறகு மூன்று மணி நேரம் அவள் அவரை மூச்சு விட வைத்திருந்தாள்.

நாலு மணிக்கு முத்துசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஊசியக் கழட்டி வுடுங்க சிஸ்டர். மாட்டுக்குப் படைக்கணும். நான் ஊட்டலைன்னா அது சோறு திங்காது."

"மாட்டுக்கு ஊட்டிட்டு மிச்சத்தை நீங்க திங்காதீங்க. மறுபடி இங்கதான் வரணும்."

"வர மாட்டேன். நல்லா கவனிச்சிக்கிட்டீங்க, ஆனா ராத்திரி தூங்கவே முடியல." அவர் ஆறாம் படுக்கைப் பக்கம் மோவாயை நீட்டினார். "அந்தத் துணித் திரைக்குப் பின்னால இருக்குறவரு மூச்சு இருக்கே. ஒரே சீரா. கடிகாரம் மாதிரி."

ஆறாம் படுக்கையைச் சுற்றிப் பச்சைத் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது.

"அங்க யாரும் இல்லீங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார், யாரோ சொன்ன மோசமான ஜோக்குக்கு மரியாதைக்காகச் சிரிப்பது போல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜெயராணி எழுந்து போய்த் திரையை விலக்கினாள். இரும்பு வளையங்கள் கம்பியில் கரகரவென்று நகர்ந்தன. விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. தலையணை நடுவில் மட்டும் ஒரு பள்ளம். அதைத் தட்டிச் சரி செய்தாள். திரையைத் திறந்தே வைத்தாள்.

தனத்தின் புருஷன் ஊருக்குப் போய் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அதுவரை அந்த அறையில் அவர்கள் இருவர் மட்டும்.

"பெருசுக்கு எட்டு வயசு, சின்னவளுக்கு அஞ்சு" என்றாள் தனம். "சின்னவ அப்பன்கிட்ட தலை பின்ன வுட மாட்டா. நாளைக்கி வூட்டுக்கு வுட்டுருவாங்கதானே சிஸ்டர்?"

"வுட்டுருவாங்க. பேசாம படுங்க."

"நீங்க பேசிட்டு இருங்க. தனியா கெடந்தா பயமா இருக்கு."

ஜெயராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஐந்து மணிக்கு, பல வருடங்களுக்குப் பிறகு முதல் முறையாக, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக எண்ணினாள். பதினாறு. நிஜமான ஒரு எண். அதைப் பதிந்தபோது ஏதோ ஒரு கனம் இறங்கியது போல இருந்தது. திரை பச்சை காட்டியது. ஆறாம் படுக்கை பதினெட்டு காட்டியது. அதை அவள் அழிக்கவில்லை. பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள்.

வெயில் சாய்ந்தது. ஜனவரி மாதத்துச் சாயங்காலம், வந்தது தெரியாமல் இருட்டிவிடும். தூரத்தில் பொங்கலோ பொங்கல் என்று ஒரு கூட்டம் கத்தி ஓய்ந்ததும், அந்த ஓய்வுக்குள்ளிருந்து, எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாதபடி, ஒரு ஒலி கேட்டது. காய்ந்த தொண்டை வழியே காற்று உள்ளே போகிறது. நிற்கிறது. வெளியே வருகிறது. மறுபடி போகிறது. ஃப்ரிட்ஜ் உறுமி அடங்கியது. ஒலி அடங்கவில்லை. மின்விசிறியை நிறுத்தினாள். இன்னும் தெளிவாகக் கேட்டது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். எண்ண வேண்டாம் என்று நினைத்தபடியே எண்ணினாள்.

பதினெட்டு.

மனிதர்கள் அப்படி மூச்சு விடுவதில்லை. பெருமூச்சு வரும், இருமல் வரும், ஒன்று நீளும், ஒன்று குறையும். இது கவனிக்கப்படுவது தெரிந்தும் மாறாத மூச்சு. அவள் அடித்த எண் எப்படி ஒருநாளும் மாறியதில்லையோ, அப்படி.

"பெரியவரே" என்று வாய்க்குள் சொன்னாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தனத்தின் பக்கம் திரும்பினாள். தனம் கண்களைப் பாதி மூடிப் படுத்திருந்தாள்.

"தூக்கம் வருதா?"

"லைட்டு ரெண்டா தெரியுது சிஸ்டர்." குரல் மூக்கால் வந்தது. "தொண்டையில என்னமோ நிக்குது."

"என்னைப் பாருங்க. நல்லாக் கண்ணத் தொறங்க."

தனம் நெற்றியைச் சுருக்கினாள். புருவம் ஏறியது. இமை ஏறவில்லை.

ஜெயராணி மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணினாள். பதினெட்டு. இன்னொரு நிமிடம். பதினெட்டு. நிம்மதி வரப்போகும் நேரத்தில் அவளுக்கு உறைத்தது, அவள் கண்ணால் எண்ணவில்லை. காதால் எண்ணிக்கொண்டிருக்கிறாள். அந்த ஒலி ஆறாம் படுக்கையிலிருந்து வரவில்லை. பக்கத்தில் வந்திருந்தது. கட்டிலின் மறுபக்கம், தனத்தின் தலைமாட்டில், ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எங்கே இருப்பாரோ அங்கே.

காதைப் பொத்தினாள். அப்போதும் கேட்டது. உள்ளங்கையைத் தனத்தின் வயிற்றின் மேல் வைத்து, கண்ணை இறுக்கி, கைக்கு மட்டும் எது தெரிகிறதோ அதை எண்ணினாள்.

ஒன்பது. மேலோட்டமாக. கைக்கு எட்டியும் எட்டாமலும்.

கணினிக்கு ஓடினாள். மூச்சு: ஒன்பது. என்டர். கட்டம் ஒரு கணம் ஒன்பது காட்டியது. பிறகு பதினெட்டு. மறுபடி அடித்தாள். பதினெட்டு. பச்சை. மறுபடி. பச்சை. ஒவ்வொரு முறையும் பதிந்தவர் என்ற இடத்தில் அவள் எண்.

அவசரப் பிரிவுக்குப் போன் செய்தாள்.

"சொல்லுங்க சிஸ்டர்." டாக்டருக்குப் பின்னால் யாரோ வலியில் அரற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சார், தனத்துக்கு மூச்சு குறையுது. இமை தொங்கிருச்சு. வாங்க."

"ஒரு பைக் கேஸ், தலையில ரத்தம் நிக்க மாட்டேங்குது. போன்ல உங்க ஸ்கிரீன்தான் பாக்குறேன். பதினெட்டு, பச்சையா இருக்கு. இப்பதானே போட்டீங்க? தூக்கக் கலக்கமா இருக்கும். பத்து நிமிஷம்."

"சார்." தனத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த நம்பரை நம்பாதீங்க. நான் போடுற எதையும் நம்பாதீங்க. நான் எண்ணுனதே கெடையாது. சாமிக்கண்ணுக்கும் எண்ணல. அவரு போனப்புறமும் பதினெட்டு போட்டேன். மூணு தடவை."

அறிவரசனின் குரல் தணிந்தது. "ஆம்பு பேக் எடுங்க. வந்துட்டே இருக்கேன்."

முகமூடியும் ரப்பர்ப் பையும் சேர்ந்த அந்தக் கருவி அலமாரியின் மேல் தட்டில் இருந்தது. எடுத்தாள். ஆக்சிஜன் குழாயை மாட்டினாள். அது இரண்டு தடவை நழுவியது. தனம் அசையவில்லை. உதடு நீலம். தொங்கிய இமைக்கு அடியில் கறுப்பாக ஒரு கீற்று. அந்தக் கீற்று அவளையே பார்த்தது. தனத்துக்கு எல்லாம் தெரிகிறது. எல்லாம் கேட்கிறது.

வயிற்றில் கை வைத்தாள். எதுவும் இல்லை.

எதுவும் இல்லை. ஆனால் மூச்சுச் சத்தம். சீராக. பக்கத்தில்.

"நான் இருக்கேன்" என்றாள் தனத்திடம். "நான் இங்கதான் இருக்கேன். பயப்படாதீங்க."

தலையைப் பின்னால் சாய்த்து, முகமூடியை மூக்கோடு வாயோடு அழுத்திப் பிடித்தாள். பையை அமுக்கினாள். நெஞ்சு ஏறியது. விட்டாள். இறங்கியது. ஐந்து வரை மனதுக்குள் எண்ணிவிட்டு அடுத்தது. அப்படித்தான் கற்றுக் கொடுத்திருந்தார்கள். அமுக்கு. விடு. ஒன்று, இரண்டு, மூன்று—

மூன்றில் பை அவள் விரல்களுக்குள் தானாக ஒடுங்கியது.

அவள் அமுக்கவில்லை. மறுபடி உப்பியது. மறுபடி ஒடுங்கியது, பக்கத்தில் கேட்ட மூச்சின் அதே கணக்கில். அவள் கைக்கு மேலே இன்னொரு கை இருந்தது போல இல்லை. எதுவுமே இல்லை. பை மட்டும். விரல்களை இறுக்கி நிறுத்திப் பார்த்தாள். நிற்கவில்லை. அவசரமில்லாமல், கோபமில்லாமல், அவள் விரல்களைப் பிரித்துக்கொண்டு உப்பியது. ஒடுங்கியது. ஒவ்வொரு தடவையும் தனத்தின் நெஞ்சு ஏறி இறங்கியது. விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கும் கருவியில் எழுபத்தொன்று எண்பதானது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றிரண்டு. உதட்டின் நீலம் கலைந்தது.

கருங்கீற்று இப்போது ஜெயராணியைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு அந்தப் பக்கம், தலைமாட்டின் ஓரத்தில், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முகம் இருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

ஜெயராணி கையை எடுத்துவிட்டாள். ஒரு அடி பின்னால் போனாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது. அறிவரசன் ரத்தம் பட்ட கையுறையோடு மூச்சிரைக்க வாசலில் நின்றார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்தது அவளுடைய முதுகும், அதற்கு அப்பால் தனத்தின் ஏறி இறங்கும் நெஞ்சும், கருவியில் தொண்ணூற்றாறும்தான்.

"சரியான நேரத்துல ஆரம்பிச்சிட்டீங்க" என்றார். "ரொம்ப சீரா இருக்கு. அப்படியே விடாம அமுக்கிட்டே இருங்க சிஸ்டர், நான் டியூப் எடுத்துட்டு வரேன்."

ஜெயராணியின் இரண்டு கைகளும் அவள் வாயைப் பொத்தியிருந்தன.